கரையேறி வந்தவர்களும் கடலேறிப் போகிறவர்களும்

காவிரிப் படுகையின் பங்குகளிலிருந்தும் சபைகளிலிருந்தும் வெளிநாட்டுப் பணிக்குப் புறப்படும் அருட்சகோதரிகளுக்கும், குருக்களுக்கும், போதகர்களுக்கும், செவிலியர்களுக்கும் அன்பு வணக்கம்.

குடமுருட்டி காவிரியை விட்டுப் பிரிவது திருக்காட்டுப்பள்ளியில். அக்னீசுவரர் கோயிலைக் கடந்து வடக்கே போகும் சாலை சில கிலோமீட்டரில் பூண்டி மாதா பேராலயத்தில் கொண்டுபோய் விடும். செப்டம்பர் 8 நெருங்கும்போது அந்தச் சாலையில் நடந்து போகிறவர்களைப் பார்த்தாலே இந்த மண்ணின் கலவை தெரியும். நெற்றியில் திருநீறு பூசியவர்களும் அதில் இருப்பார்கள், கழுத்தில் செபமாலை போட்டவர்களும் இருப்பார்கள். உங்களில் பலர் விசா கைக்கு வந்ததும் வீட்டாரோடு அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றி வந்திருப்பீர்கள். அந்தக் கோயிலை முதலில் எழுப்பியவர் வீரமாமுனிவர் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்து, 1710-இல் கோவாவில் வந்திறங்கி, தமிழில் தேம்பாவணியும் சதுரகராதியும் எழுதிய அதே மனிதர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியும் அவர் வாழ்ந்த ஊர்.

ஆக, கடல் கடந்து போகப்போகிற நீங்கள், கடல் கடந்து வந்த ஒருவர் கட்டிய கோயிலில் நின்று விடைபெறுகிறீர்கள். முந்நூறு, நானூறு ஆண்டுகளாக இந்தப் படுகை வெளிநாட்டு ஊழியர்களை வரவேற்ற ஊர். இன்று இது ஊழியர்களை அனுப்பும் ஊர். ஆப்பிரிக்கக் கிராமத்து மருந்தகத்துக்கும், ஐரோப்பாவில் முதியோர் இல்லத்துக்கும், வளைகுடாவில் நம்மவர்கள் அடைந்து கிடக்கும் தொழிலாளர் முகாம்களின் பக்கத்துக்கும் இங்கிருந்து ஆள் போகிறது. நம் ஊருக்கு வந்தவர்கள் ஒடுக்கப்பட்டோரை எப்படி அணுகினார்கள், எங்கே துணிந்தார்கள், எங்கே தயங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மடல் அதற்காகத்தான்.

முதலில் வந்தவர்களுக்கு முன்னால் நின்றது சாதி. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்தி, மரக்கறி உண்டு, பிராமணர்களோடு வாதிட்டார். அவருடைய தமிழும் வடமொழியும் இன்றும் வியப்பைத் தருபவை. ஆனால் சந்நியாசி வேடம் பூண்டவர் சேரிக்குள் கால் வைத்தால் அக்கிரகாரத்துக் கதவு அடைபடும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1640 வாக்கில் இன்னொரு வகை ஊழியர் உருவானார்கள், பெயர் பண்டாரசாமி. பல்தசார் தா கோஸ்தா அவர்களில் முதல்வர். பண்டாரசாமிகள் பிராமணரல்லாத எல்லோரோடும் பழகலாம். பறையர் சமூகத்தாரிடமும் போகலாம். அந்த வழியைத் தேர்ந்துகொண்டவர்தான் லிஸ்பனில் பிறந்து, அரசவைப் பிள்ளையாக வளர்ந்து, 1673-இல் இந்தியா வந்த ஜான் தெ பிரிட்டோ. நம் மக்கள் அவரை அருளானந்தர் என்றார்கள். தஞ்சை, செஞ்சி, மறவர் நாடு என்று நடந்தே சுற்றியவர். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அந்த மண் இன்றும் சிவப்பு என்று சொல்லி எடுத்து வருகிறார்கள்.

அருளானந்தரின் துணிவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த ஏற்பாட்டை ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். மேல்தட்டுக்கு ஒரு சாமியார், கீழ்த்தட்டுக்கு வேறொரு சாமியார். நற்செய்தி ஒன்று, அதைக் கொண்டுபோகும் வாசல் இரண்டு. மக்களிடம் போய்ச் சேர வேறு வழி தெரியாமல் செய்தது அது. அப்போது பிரித்து வைத்த வாசல் பின்னால் சுவராகிவிட்டது.

தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9-இல் வந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு வேறு மாதிரி தொடங்கினார். தெருப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகிய ஜெர்மானியர் அவர். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறின. இவை பாடப்புத்தகத்தில் இருப்பவை. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 1708 நவம்பரில் டேனிஷ் கோட்டைத் தலைவர் அவரைச் சிறையில் அடைத்தார். நாவிதர் ஒருவரின் விதவைக்கும், கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருக்கும் இடையே கடன் வழக்கு. சீகன்பால்கு அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். அடைத்தது அதே மன்னரின் கோட்டை. வெளிநாட்டு ஊழியரின் நிலைமை இதைவிடத் தெளிவாக எங்கும் தெரியாது. உங்களுக்கு விசா கொடுப்பவரும், தங்க இடம் கொடுப்பவரும், சம்பளம் கொடுப்பவரும் ஒரு பக்கம் இருப்பார்கள். கடனில் சிக்கிய விதவை மறுபக்கம் இருப்பாள்.

இனி, இந்த மடல் யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவரிடம் வர வேண்டும். அவர் வெளிநாட்டவர் அல்லர். பெயர் ராஜநாயக்கன்.

1700 வாக்கில் பிறந்தவர். தஞ்சை மராத்தியர் படையில் சேர்வைக்காரர், அதாவது சிறு படைத்தலைவர். பறையர் சமூகம். அவர் தாத்தா காலத்திலேயே குடும்பம் கத்தோலிக்க மறைக்கு வந்திருந்தது. இருபது வயதைக் கடந்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். அப்படிக் கற்ற மனிதர் கையில் 1725 வாக்கில் தரங்கம்பாடி அச்சகத்தில் வந்த சுவிசேஷப் புத்தகம் ஒன்று கிடைக்கிறது. ஊர் ஊராகத் திரிந்த ஒரு பண்டாரம் வைத்திருந்தது. அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் படித்திருக்கிறார். படித்ததைப் பற்றிக் கேட்கத் தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பினார், எழுதினார், பிறகு தானே போனார். 1728-இல் படை வேலையை விட்டு உபதேசியார் ஆனார்.

அந்தக் காலத்தில் மன்னரின் அனுமதி இல்லாமல் ஐரோப்பியப் பாதிரிமார் தஞ்சை நாட்டுக்குள் எளிதில் வர முடியாது. தரங்கம்பாடி எல்லையைத் தாண்டினால் காலடி மண் அவர்களுடையதல்ல. ஆகவே இந்த வயல்நாட்டில் லூத்தரன் சபைகள் முளைத்தது ஜெர்மானியர் வந்து பிரசங்கம் செய்ததால் அல்ல. ராஜநாயக்கனும் அவரைப் போன்ற உபதேசியார்களும் சேரி சேரியாக, வரப்பு வரப்பாக நடந்ததால். கத்தோலிக்கர் தரப்பிலிருந்து எதிர்ப்பும் அடியும் வந்தன; வீரமாமுனிவரே லூத்தரன்களுக்கு எதிராக வேத விளக்கம் எழுதிய காலம் அது. இரண்டு ஐரோப்பியச் சபைகளின் சண்டைக்கு நடுவே, அந்தச் சண்டை ஐரோப்பாவில் எதற்காகத் தொடங்கியது என்று அறிய வழியில்லாத தஞ்சை உழைப்பாளிகள் அடி வாங்கினார்கள். நீங்கள் போகிற நாட்டிலும் இப்படிப் பழைய சண்டைகள் இருக்கும். அவற்றை மூட்டை கட்டி எடுத்துப் போகாதீர்கள்.

பிறகு வந்தது ஒரு கேள்வி. 1733 டிசம்பரில் கடலூரைச் சேர்ந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புரொட்டஸ்டண்ட் சுதேசப் போதகர். அடுத்தவர் யார் என்று பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. உழைப்பிலோ, விசுவாசத்திலோ, மக்கள் வைத்திருந்த மதிப்பிலோ அவருக்குக் குறையில்லை என்பதை மிஷனரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பறையர் ஒருவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வருவார்களா என்று தயங்கினார்கள். 1741-இல் பட்டம் தியோகு என்ற வேறு உபதேசியாருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, உபதேசியாராகவே இருந்தார்.

இதை எழுதும்போது மனம் கனக்கிறது. மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவர்களின் வாரிசுகள், விதவைக்காகச் சிறை போனவரின் வாரிசுகள், ஒரு திருவிருந்துக் கிண்ணத்தின் முன்னால் தயங்கி நின்றார்கள். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. சபை உடைந்துவிடுமோ என்ற கவலைதான். ஒடுக்கப்பட்டவரிடம் நற்செய்தியைக் கொண்டுபோக அவர்களுக்குத் துணிவு இருந்தது. ஒடுக்கப்பட்டவர் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து, 1833-இல், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதிப் பிரிவினை முற்றிலும் ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கூட்டம் சபையை விட்டு வெளியேறியது. தஞ்சையின் பெரும் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அந்த உத்தரவை ஏற்கவில்லை. அவருடைய பாடல்களை நாம் இன்றும் பாடுகிறோம், நாளையும் பாடுவோம். ஆனால் இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்க முடியாது. தொடக்கத்தில் ஒரு கிண்ணத்துக்கு அஞ்சியதன் விலை, நூறு ஆண்டு வட்டியோடு வந்து சேர்ந்தது.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போயிருப்பீர்கள். 1779-இல் கட்டியது. உள்ளே பிளாக்ஸ்மன் செதுக்கிய வெள்ளைப் பளிங்குச் சிற்பம். படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி மன்னர் சரபோஜி நிற்கிறார். அந்தக் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1750-இல் வந்து, 1798-இல் இறக்கும்வரை ஊர் திரும்பாதவர். சரபோஜிக்குக் காப்பாளராக இருந்தவர், ஹைதர் அலியிடம் தூது போனவர் என்ற பெருமைகளையெல்லாம் தாண்டி, நெல் விளையும் இந்த நாட்டில் நினைத்துப் பார்க்க வேண்டிய சம்பவங்கள் இரண்டு உண்டு.

1781-இல் ஹைதர் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். சிப்பாய்கள் பட்டினியில் தெருவில் விழுந்தார்கள். சுற்றியிருந்த ஊர்களில் நெல் இருந்தது, ஆனால் குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொண்டுவந்தபோது அவர்களுக்குக் காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ஸ்வார்ட்ஸ், தான் பணத்துக்குப் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பாக்கி இல்லாமல் பணம் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, வரிக் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடிகளை அரசர் கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் திரும்பவில்லை. ஸ்வார்ட்ஸ் சொன்னார் என்றதும் ஏழாயிரம் பேர் ஒரே நாளில் திரும்பினார்கள். விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. இரவும் பகலும் உழைத்து நிலத்தைத் தயார் செய்தார்கள்.

அந்த ஏழாயிரம் பேரில் எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நெல்லுக்குப் பணம், சொன்ன சொல்லுக்குக் காவல். பசித்தவனுக்குச் சோறு போட்டு மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நீங்கள் போகிற இடத்துக்கு உங்களுக்கு முன்பே போயிருக்கும். சில இடங்களில் அது பொய். சில இடங்களில் அதில் உண்மை உண்டு. நிபந்தனையோடு நீட்டும் சோறு, வாங்குகிறவரைச் சிறுமைப்படுத்துகிறது. ஸ்வார்ட்ஸின் 80,000 கலத்தில் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அந்த நெல்லைச் சேர்க்க ஊர் ஊராகப் போனவர்கள் அவருடைய உபதேசியார்களும் சபையாரும். பளிங்குச் சிற்பத்தில் அவர்களுக்கு இடமில்லை.

பிறகு ஓட்டம் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், பாம்பன் வழியாக இலங்கைக்கும், சென்னையிலிருந்து இன்னும் தூரத்துக்கும் நம் பண்ணையாட்கள் கப்பல் ஏறினார்கள். இலங்கைத் தோட்டங்களில் அவர்களுக்காகவே 1854-இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற அமைப்பு தொடங்கியது. பெயரிலேயே கூலி. நடத்துவதற்கான பணத்தில் பெரும்பங்கு தோட்டத் துரைமார் தந்தது. அதில் உழைத்த நல்ல மனிதர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் துரையின் நன்கொடையில் ஞாயிறு ஆராதனை நடத்துகிறவர், திங்கட்கிழமை துரையிடம் போய்ச் சம்பளக் கணக்கைக் கேட்பது எளிதா?

கேட்டவர்களும் உண்டு. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்தியரும் சேர்ந்துகொண்டார்கள்; ஏறக்குறைய கால் பங்கு. அந்த ஒப்பந்தத்தை அங்கே கிர்மிட் என்றார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது விதி. கரும்புத் தோட்டக் கூலிகளின் வரிசைக் குடியிருப்புகளான லயன்களில் தற்கொலைகள் மலிந்தன. அங்கே 1897-இல் ஹன்னா டட்லி என்ற மெதடிஸ்ட் பெண்மணி வந்தார். அனாதைக் குழந்தைகளைத் தன் வீட்டிலேயே வளர்த்தார். ஜே. டபிள்யூ. பர்ட்டன் என்ற இன்னொரு மெதடிஸ்ட் மிஷனரி, லயன்களில் கண்டதை 1910-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். சர்க்கரைக் கம்பெனிக்கு அது பிடித்திருக்காது. அந்த எழுத்து இந்தியாவரை வந்து சேர்ந்தது. 1915-இல் சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர், நண்பர் பியர்சனோடு பிஜிக்குக் கப்பல் ஏறினார். லயன் லயனாகப் போய்க் கேட்டார், எழுதினார். 1916-இல் அறிக்கை வந்தது. 1917-இல் ஒப்பந்தக் குடியேற்றம் நின்றது. மீந்திருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின. மக்கள் அவருக்கு வைத்த பெயர் தீனபந்து.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். அங்கே வெளியார் மதப் பிரசாரம் செய்யச் சட்டம் இடம் தராது. ஆனால் கடவுச்சீட்டு முதலாளியிடம் சிக்கியவருக்கும், ஆறு மாதச் சம்பளம் நின்றுபோனவருக்கும், தமிழ் தவிர எந்த மொழியும் அறியாமல் மருத்துவமனையில் கிடக்கும் பட்டுக்கோட்டைக்காரருக்கும் தமிழ் பேசும் ஒரு செவிலியர் செய்யக்கூடிய உதவிக்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். தூதரகத்தில் யாரைப் பார்ப்பது என்று சொல்லலாம். ஆண்ட்ரூஸ் செய்ததும் அடிப்படையில் அதுதான்: கேட்டார், எழுதினார், உரிய இடத்தில் சேர்த்தார்.

கொள்ளிடத்துக்கு வடக்கே விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசுசபைக் குரு ஸ்டான் சுவாமியும் வெளிநாடு போனவர். மணிலாவில் சமூகவியல் படித்தார். படித்துவிட்டு வந்து ஜார்க்கண்டில் ஹோ பழங்குடியினரின் கிராமத்தில் போய்த் தங்கினார்; அவர்கள் வாழ்க்கையை அவர்களிடமே கற்றுக்கொள்வதற்காக. பின்னாளில், விசாரணைக் கைதிகளாகவே சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் போனார். 2020 அக்டோபர் 8-இல் அவரே கைதானார். குற்றச்சாட்டுகளை மறுத்தார். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையில், 2021 ஜூலை 5-இல் மும்பை மருத்துவமனையில் 84 வயதில் இறந்தார். உங்களில் சிலர் அவர் ஊர்ப் பக்கத்தவர். மேல்படிப்புக்கு அனுப்பிய சபைக்கு அவர் திருப்பிக் கொடுத்தது இத்தகைய படிப்பு.

வெளிநாட்டில் ஒடுக்கப்பட்டோர் யார் என்று தேடுவதற்கு முன் வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் நாள் இரவில்தான், 1968 டிசம்பர் 25-இல், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். நம் கோயில்களில் குடில் ஜோடித்து, பாலன் பிறந்த பாட்டுப் பாடிய அதே ராத்திரி. அங்கே போய்த் தங்கி, நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தரப் போராடியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும், காந்தியவாதிகள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்த சுவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது; 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. இவ்வளவு பேர் இருந்தும் பீடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற கேள்வி 1741-இல் இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிடவில்லை.

நீங்கள் போகிற நாட்டில் யாரும் உங்கள் சாதியைக் கேட்க மாட்டார்கள். உங்களை வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அங்கேயும் ஒரு ராஜநாயக்கன் இருப்பார். மொழி தெரிந்தவர், சேரி தெரிந்தவர், உங்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர், நீங்கள் பேசியதை மக்களுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறவர். உங்கள் சம்பளத்தில் ஒரு சிறு பங்குகூட அவருக்கு இருக்காது. பெண்ணாகவும் இருக்கலாம். திருவிருந்துக் கிண்ணத்தை யார் ஏந்துவது என்ற பேச்சு வரும்போது, முடிவெடுக்கும் அறையில் அவர் இருக்க மாட்டார், நீங்கள் இருப்பீர்கள்.

ராஜநாயக்கனை இன்று நாம் அறிவது எதனால்? தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு மிஷனரிகள் ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பினார்கள். அவை அங்கே அச்சாயின. பட்டம் கொடுக்கத் தயங்கியவர்கள், அவர் பெயரை எழுதத் தயங்கவில்லை. எந்த ஊருக்குப் போனார், யாரிடம் என்ன பேசினார், எங்கே அடி வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

நீங்களும் எழுதுவீர்கள். பங்கு மலருக்கும், சபைப் பத்திரிகைக்கும், வீட்டு வாட்ஸ்அப்புக்கும் போட்டோவோடு செய்தி வரும். நடுவில் நீங்களும் சுற்றிலும் பெயரில்லாத பிள்ளைகளுமாக இருக்கும் போட்டோக்கள் இங்கே ஏராளம் வந்துவிட்டன. போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தில் முதல் கடிதம் எழுதும்போது, உங்களோடு நடக்கிறவர் யார், எந்த ஊர், என்ன வேலை செய்து பிழைத்தவர், உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, பெயர் போட்டு எழுதுங்கள். பூண்டிச் சாலையில் இருக்கிற உங்கள் வீட்டார் அதைத் தெருவுக்கே படித்துக் காட்டுவார்கள்.

அன்புடன்,
திருக்காட்டுப்பள்ளியிலிருந்து.